படலையில் நிற்கும் கமராவுக்கு என்ன தெரியும்?

கிளிநொச்சியைச் சுற்றிக் கமரா பூட்டுகிற வேலை செய்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான். “தம்பி, இது ஏஐ கமராவோ?” ஓம் என்றால் அடுத்தது உடனே வரும்: “அப்ப எல்லாத்தையும் அது பாத்துக்கொள்ளும், என்ன?”

அந்த “எல்லாத்தையும்” என்ற சொல்லில்தான் கரைச்சல் தொடங்குகிறது. பரந்தன் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிற ஒரு முதலாளி, கமரா பூட்டி ஒரு கிழமையில் வாசல் காவலாளியை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இன்னொரு பக்கம், வாசலில் கமராவைக் கண்டால் தங்கள் முகம், பேச்சு, போக்குவரத்து எல்லாவற்றையும் யாரோ எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சந்தோஷம், மற்றவருக்குப் பயம். இருவரும் விடுவது ஒரே பிழை. பார்ப்பது, விளங்கிக்கொள்வது, முடிவெடுப்பது மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்துவிடுகிறார்கள்.

இங்கே நான் சொல்லப்போவது வாகனம் உள்ளே வரும் வாசல்களைப் பற்றி. நெல் ஆலை, களஞ்சியசாலை, கிரவல் ஏற்றுகிற இடம், தொழிற்சாலை என்று, வருகிறவரை நிறுத்திப் பார்த்துவிட்டு உள்ளே விடுகிற எந்த வாசலும் இதில் அடங்கும். அங்கே கமரா எடுக்கும் படத்தைக் கணினியே ஆராய்ந்து “வாகனம் வந்திருக்கிறது” என்று சொல்வதைக் காணொளிப் பகுப்பாய்வு என்கிறோம். வெறுமனே பதிவுசெய்து வைக்கிற சீசீரிவி வேறு, இது வேறு. அது களவு போன பிறகு பார்க்கிற படம். இது வாகனம் வாசலில் நிற்கும்போதே வாய் திறக்கிறது.

நாய், அம்மம்மா, படலை

வீட்டுப் படலையடியில் ஒரு சத்தம். முதலில் நாய் குரைக்கும். வந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். பக்கத்து வளவு மாடு வேலியை உரசினாலும் குரைக்கும், காவோலை விழுந்தாலும் குரைக்கும். பிறகு விறாந்தையில் இருக்கிற அம்மம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “ஓட்டோ ஒண்டு வந்து நிக்குது” என்பார். கொஞ்சம் எழும்பிப் பார்த்துவிட்டு, “உன்ர மாமான்ர ஓட்டோ எல்லே” என்பார். கடைசியாக, “போய்ப் படலையைத் திற.”

இதற்குள் நாலு தனித்தனி வேலை இருக்கிறது. ஏதோ வந்திருக்கிறது. வந்தது இன்ன வகை. அந்த வகைக்குள் இன்னாருடையது. அதை உள்ளே விடலாம்.

2002 இல் ஏ9 வீதி திறந்து 2006 ஆகஸ்டில் மூடும்வரை ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளால் போய்வந்தவர்களுக்கு இந்த நாலு படியையும் விளக்கத் தேவையில்லை. மறித்தது ஓர் ஆள், வரிசை பிரித்தது ஓர் ஆள், அட்டையும் பதிவும் பார்த்தது வேறோர் ஆள், போகச் சொன்னது இன்னோர் ஆள். ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார் என்பதற்காக மற்றவரும் செய்துவிட்டார் என்று யாரும் நினைத்ததில்லை. கமரா என்றதும் அந்தப் புத்தி போய்விடுகிறது.

இதுவரை: வாசல் கமராவின் வேலை நாலு படி. மாற்றத்தைக் கவனித்தல், வகை அறிதல், அடையாளம் காணல், அனுமதித்தல். விற்கிறவர் “எங்கட கமரா வாகனத்தைக் கண்டுபிடிக்கும்” என்றால் இதில் எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடும்.

நாயின் வேலை: ஏதோ மாறியிருக்கிறது

கமராவுக்குப் படம் என்பது எண்களின் பட்டியல். சாதாரண வாசல் கமரா ஒரு படத்தை அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளாக வெட்டுகிறது. பெருக்கினால் 20 இலட்சத்துக்கும் மேலே. இந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள். செக்கனுக்கு 25 படம் என்று வைத்தால், செக்கனுக்கு 25 தடவை இந்தப் பட்டியல் புதிதாக வந்து விழும். அதில் லொறியும் இல்லை, வாசலும் இல்லை, எண்கள் மட்டும்தான்.

நாயின் வேலையைச் செய்ய ஒரு பழைய, எளிய உபாயம் உண்டு. ஆளில்லாத வெறும் வாசல் எப்படி இருக்கும் என்று கணினி மனதில் ஒரு படம் வைத்துக்கொள்கிறது. புதுப்படம் வந்ததும் பழையதை அதிலிருந்து கழிக்கிறது. விடை சுழியமாக இருக்கிற இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் நிற்கிற இடத்தில் ஏதோ வந்திருக்கிறது. இதற்குப் பெயர் பின்னணி நீக்கம். வெயில் ஏற ஏற வாசலின் நிறம் மாறுமல்லவா? அதனால் அந்த வெறும் வாசல் படத்தையும் கணினி மெல்ல மெல்லப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் புதுப்பித்தலில் ஒரு வேடிக்கை. மூடை இறக்க வந்த லொறி வாசலோரத்தில் நெடுநேரம் நின்றால், கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் வாசலின் ஒரு பகுதி என்று கணினி எடுத்துக்கொள்ளும். லொறி படத்தோடு கரைந்துவிடும். பிறகு அது புறப்பட்டுப் போனதும் அந்த வெற்றிடம் “புதிதாக ஏதோ வந்திருக்கிறது” என்று காட்டும். போன லொறியின் பேய்.

அந்தப் பரந்தன் ஆலையில் முதல் நாள் நானும் இந்த முறையை மட்டும்தான் இயக்கிவிட்டு வந்தேன். பெட்டியில் இருந்த வசதி அதுதான், முதலாளிக்கும் அவசரம். விடியப் போனில் பார்த்தால் நூற்றுக்கு மேலே அறிவிப்புகள். வாசலால் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. ஒவ்வொரு படத்திலும் வெள்ளையாகத் தடித்த ஒரு கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கமராக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்னச் சிலந்தி, ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. இரவில் கமரா தன் அகச்சிவப்பு வெளிச்சத்தை அடிக்கும். அது நம் கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அருகில் இருக்கிற நூல் அந்த வெளிச்சத்தில் லொறியைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் கதை இதைவிட மோசம். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதிப் புழுதியும் அப்படித்தான், ஒரு டிப்பர் போனால் அதன் பின்னால் புழுதி இன்னொரு டிப்பர்போல எழும்பி வரும்.

நாய் கெட்ட நாய் அல்ல. நாயிடம் அம்மம்மாவின் வேலையைக் கேட்டது என் பிழை.

அம்மம்மாவின் வேலை: வந்தது என்ன?

வகை அறிவதற்கு இன்று பயன்படுவது நரம்பு வலையமைப்பு. பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. பல அடுக்குக் கணக்குகள் கொண்ட ஒரு பெரிய சூத்திரம், அவ்வளவுதான். ஆலைக்குள் நெல் போகிற வழியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சல்லடையில் வைக்கோல் துண்டு, அடுத்ததில் கல், பிறகு பதர், பிறகு உடைந்த அரிசி என்று ஒவ்வொரு தட்டும் ஒன்றை மட்டும் கவனிக்கும். இங்கேயும் முதல் அடுக்கு, மூன்றுக்கு மூன்று பிக்சல் அளவுள்ள ஒரு சின்னச் சாளரத்தைப் படம் முழுக்க நகர்த்திக்கொண்டு போய், “இங்கே இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற விளிம்பு இருக்கிறதா?” என்று மட்டும் பார்க்கும். அடுத்த அடுக்கு அந்த விளிம்புகளைச் சேர்த்து வளைவு, மூலை என்று பார்க்கும். அதற்குமேல் வட்டம், ரயர், முன் கண்ணாடி, விளக்கு. கடைசி அடுக்கில் “இங்கிருந்து இங்குவரை ஒரு லொறி” என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுக்கும். சல்லடை ஒன்றை விலக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பும், இது சேர்த்துச் சேர்த்து அனுப்பும். அந்த இடத்தில் உவமை உடைகிறது, ஆனால் படிப்படியாக நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

எந்த அடுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மனிதர் ஏற்கனவே கட்டம் போட்டு “இது பஸ், இது கார்” என்று பெயர் எழுதிய படங்களை ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் காட்டுகிறார்கள். சூத்திரம் ஒரு விடை சொல்லும். பிழை என்றால் உள்ளே இருக்கிற எண்கள் மிகச் சிறிதாகத் திருத்தப்படும். திரும்பவும் காட்டுவார்கள், திரும்பவும் திருத்துவார்கள். இதுதான் பயிற்சி. 2015 இல் அறிமுகமான யோலோ என்ற முறை, படத்தை ஒரே பார்வையில் பார்த்துக் கட்டங்களையும் பெயர்களையும் சேர்த்தே சொல்லிவிடும்படி செய்தது. ஓடுகிற வீடியோவிலேயே இந்த வேலையைச் செய்யலாம் என்று பலருக்கும் நம்பிக்கை வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு பரவலான பிழைநம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். “போகப் போக அதுவே பழகிக்கொள்ளும்” என்பார்கள். பெரும்பாலான வாசல் கமராக்கள் பழகாது. பயிற்சி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். உங்கள் வாசலில் அது செய்வது பரீட்சை எழுதுவது, படிப்பது அல்ல. யாராவது புதுப் படங்களைச் சேர்த்து மறுபடி பயிற்றினால் ஒழிய, இன்று விட்ட பிழையை நாளைக்கும் அதேமாதிரி விடும்.

ஒட்டகச்சிவிங்கியைத் தெரியும், ஓட்டோவைத் தெரியாது

பயிற்சிப் படத்தில் இல்லாததை அது எப்படிச் சொல்லும்? சொல்லாது. உலகம் முழுக்க இந்த வேலைக்கு அடிப்படையாகப் பயன்படும் படத்தொகுதி ஒன்று உண்டு. மைக்ரோசொப்ட் முன்னின்று 2014 இல் வெளியிட்ட கோகோ. அதில் 80 வகைப் பொருட்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார், பஸ், லொறி எல்லாம் இருக்கின்றன. ரயிலும் படகும் விமானமும்கூட. வரிக்குதிரை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. ஓட்டோ இல்லை. உழவு மிசின் இல்லை. வன்னியில் ஓர் ஆலை வாசலுக்கு அறுவடைக் காலத்தில் வருகிறவற்றில் பாதி அந்தப் பட்டியலிலேயே இல்லை என்று சொல்லலாம்.

வகை அறிகிற இந்த முறையை அதே ஆலையில் இயக்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டோவை ஒருநேரம் கார் என்றது, ஒருநேரம் லொறி என்றது. பட்டா என்கிற சின்ன லொறியில் பிரச்சினையில்லை, லொறிக் கணக்கில் போய்விட்டது. நெல் மூடை அடுக்கிய பெட்டியை இழுத்துக்கொண்டு லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மிசின் வந்தபோதுதான் அது தடுமாறியது. முன்னால் நீண்ட கைபிடியும் இரண்டு சில்லும், நடுவில் ஒருவர் இருந்து ஓட்டுகிறார், பின்னால் பெட்டி. ஓட்டுகிறவரை “மனிதர்” என்று கட்டம் போட்டது. பெட்டியை லொறி என்றது. என்ஜினை ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டது.

காவலாளி ஐயா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு ஆனை தெரியுமோ தம்பி?” என்றார். தெரியும், ஐயா. அந்த 80 இல் யானையும் ஒன்று. “அப்ப பரவாயில்லை” என்றார். யானை வருகிற ஊரில் அது நியாயமான கேள்விதான்.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஹைதராபாத்தில் உள்ள ஐஐஐரி நிறுவனத்தார் இந்திய வீதிகளில் சேர்த்த ஐடிடி என்ற படத்தொகுதியில் ஓட்டோவுக்குத் தனி வகை இருக்கிறது. நம் வாசலிலேயே சில நூறு படம் எடுத்து, லான்ட்மாஸ்டருக்கு நாமே கட்டம் போட்டு, ஏற்கனவே பயின்ற சூத்திரத்தை மேலதிகமாகப் பயிற்றலாம். அடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை; விளிம்பும் வட்டமும் அதற்கு ஏற்கனவே தெரியும்.

எவ்வளவு நிச்சயம்?

அம்மம்மா சில நேரம் “ஓட்டோ” என்பார், சில நேரம் “ஓட்டோ மாதிரிக் கிடக்கு” என்பார். கணினியும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்தோடும் 0 இற்கும் 1 இற்கும் இடையில் ஓர் எண் கொடுக்கும். அதற்குப் பெயர் நம்பிக்கை மதிப்பு. 0.92 என்றால் கிட்டத்தட்ட அடித்துச் சொல்கிறது, 0.35 என்றால் இழுக்கிறது. எந்த அளவுக்கு மேலே இருந்தால் ஏற்றுக்கொள்வது என்ற எல்லையை வைப்பது நாங்கள்தான்.

அந்த எல்லையை உயர்த்தினால் மாட்டை வாகனம் என்று சொல்வது குறையும், ஆனால் சேறு அப்பிய லான்ட்மாஸ்டர் கணக்கில் வராமல் தப்பும். இறக்கினால் லான்ட்மாஸ்டர் வரும், கூடவே மாடும் வரும். இரண்டையும் ஒருசேரச் சுழியமாக்குகிற எல்லை எனக்குத் தெரிந்து கிடையாது. ஆகவே முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி, “எது பரவாயில்லை? சும்மா ஒருக்கா மணி அடிப்பதா, ஒரு லோட் நெல் கணக்கில்லாமல் போவதா?” என்பது. ஆலைக்காரர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

இதுவரை: படம் எண்களாகிறது, எண்களிலிருந்து விளிம்பு, வளைவு, சில்லு என்று ஏறி ஒரு கட்டமும் பெயரும் நம்பிக்கை மதிப்பும் வருகின்றன. காட்டிப் பழக்காத வாகனத்துக்குச் சரியான பெயர் வராது.

ஒரு லொறியை ஒருதரம் எண்ணுவது

ஒரு லொறி வாசலில் பத்துச் செக்கன் நிற்கிறது. செக்கனுக்கு 25 படம். 250 படத்திலும் கணினி லொறியைக் கண்டுபிடித்துவிட்டது, மிகச் சரியாக. அப்படியென்றால் 250 லொறியா?

இந்தப் படத்தில் இருக்கிற கட்டமும் போன படத்தில் இருந்த கட்டமும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இரண்டும் ஒரே வாகனம் என்று எடுத்து, அதற்கு ஓர் இலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்தையே பின்தொடர்வார்கள். இது தடம் தொடர்தல். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு படத்துக்கும் மற்றதற்கும் இடையில் 22 சென்ரிமீற்றர்தான் நகரும், ஆகவே கட்டங்கள் தாராளமாகப் படியும். பிறகு திரையில் வாசலுக்குக் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு கீறி, இலக்கமிட்ட கட்டம் அந்தக் கோட்டை வெளியிலிருந்து உள்ளே தாண்டினால் வரவு, உள்ளிருந்து வெளியே தாண்டினால் செலவு.

பெரிய லொறியின் மறைவில் உள்ளே நுழைகிற மோட்டார் சைக்கிள் இதில் தப்பிவிடும். கமரா கண்ணுக்குத் தெரியாததற்குக் கட்டம் போட முடியாது. கமராவை உயரத்தில் வைத்துச் சரித்துப் பார்த்தால் குறையும், முற்றாக நிற்காது.

மாமாவின் ஓட்டோவா? இலக்கத் தகட்டை வாசித்தல்

மூன்றாவது படிதான் ஆட்கள் அதிகம் பேசுவது, அதிகம் ஏமாறுவதும். இலக்கத் தகட்டைத் தானாக வாசிக்கும் முறை புதிதல்ல. பிரித்தானியப் பொலிஸின் ஆய்வுப் பிரிவு 1976 இலேயே உருவாக்கியது. வேலை மூன்று துண்டு. வாகனத்துக்குள் தகடு எங்கே என்று பிடிப்பது, அதை நிமிர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் பிரிப்பது, எழுத்தை வாசிப்பது.

இங்கே கமராவின் விலையைவிட அது பார்க்கிற அகலம் முக்கியம். கணக்கைப் பாருங்கள். 1920 பிக்சலை ஆறு மீற்றர் அகல வாசலுக்குப் பரப்பினால் மீற்றருக்கு 320 பிக்சல். அரை மீற்றர்த் தகட்டுக்கு 160, எழுத்துக்கு 20 பிக்சல்வரை கிடைக்கும், வாசிக்கலாம். அதே கமராவை “முற்றம் முழுக்கத் தெரியட்டும்” என்று 30 மீற்றருக்குப் பரப்பினால் எழுத்துக்கு நாலு பிக்சல். நாலு பிக்சலில் என்ன எழுத்தை வாசிப்பது? படத்தைப் பெரிதாக்கினால் தெரியும் என்று நினைப்பது திரைப்படம் பார்த்த பழக்கம். இல்லாத விபரத்தைப் பெரிதாக்க முடியாது. எனவே தகட்டுக்கு ஒரு கமரா, முற்றத்துக்கு வேறொரு கமரா. இரண்டாவது கமராவை விற்பதற்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி.

வேகமும் பார்க்க வேண்டும். கமரா ஒரு படத்துக்குச் செக்கனில் 25 இல் ஒரு பங்கு நேரம் கண் திறந்திருந்தால், 20 கிலோமீற்றர் வேக வாகனம் அதற்குள் 22 சென்ரிமீற்றர் நகர்ந்து எழுத்துகள் இழுபட்டுப்போகும். 500 இல் ஒரு பங்கு என்று சுருக்கினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஆனால் கண்ணைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது, இரவில் தனி அகச்சிவப்பு விளக்கு வேண்டும். தகடு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வகையில் செய்யப்பட்டது என்பதால் அந்த விளக்கில் நன்றாகத் தெரியும், புதுத் தகடாக இருந்தால். வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டால் இந்தத் தலையிடியில் பாதி போய்விடும். ஒரு லோட் கொங்கிரீற்றை வெல்லுகிற மென்பொருளை நான் இன்னும் காணவில்லை.

நம் நாட்டுத் தகடுகள் ஒரு மாதிரி அல்ல. 2000 ஆம் ஆண்டிலிருந்து வந்தவற்றில் ஆங்கில எழுத்து இரண்டோ மூன்றோ, பிறகு நாலு இலக்கம். பலவற்றில் ஓரத்தில் சின்னதாக மாகாணக் குறி, வடக்குக்கு என்.பி. அதற்கு முந்தியவற்றில் நடுவில் ஸ்ரீ போட்டதும் உண்டு, வெறும் கோடு போட்டதும் உண்டு. முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள். மோட்டார் சைக்கிளில் இரண்டு வரியாக எழுதியிருக்கும். ஒழுங்கு தெரிந்தால் ஒரு நன்மை உண்டு. கடைசி நாலும் இலக்கம்தான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், அந்த இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைக் கண்டாலும் அது சுழியம் என்று திருத்திக்கொள்ளும், பி எழுத்தைக் கண்டாலும் 8 என்று திருத்திக்கொள்ளும்.

“99 வீதம் சரி” என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பற்றியும் ஒரு சொல். எழுத்துக்கு 99 வீதமா, தகட்டுக்கு 99 வீதமா என்று கேளுங்கள். மூன்று எழுத்தும் நாலு இலக்கமும் சேர்ந்து ஏழு. ஒவ்வொன்றும் 99 வீதம் சரி என்றால், ஏழும் ஒருமிக்கச் சரியாக வருவது 93 வீதம்தான். நூறு வாகனத்தில் ஏழு வாகனத்தின் நம்பர் பிழை. கணக்குப் புத்தகத்துக்கு அது சின்ன எண் அல்ல.

படலையைத் திறப்பது யார்?

நாலாவது படியில் கமராவுக்கு வேலையே இல்லை. வாசித்த நம்பர் ஒரு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வாசலை மறிக்கிற தடியைத் தூக்கு, இல்லாவிட்டால் காவலாளியைக் கூப்பிடு என்பது ஒரு சாதாரண விதி. அந்தப் பட்டியலை எழுதியது மனிதர். அதில் பிழையான ஆளைச் சேர்த்துவிட்டு, “கமரா விட்டிட்டுது” என்று சொல்வதில் நியாயமில்லை.

கணினி வாசித்தது எழுத்தை, வாகனத்தை அல்ல. அனுமதி உள்ள நம்பரை அட்டையில் எழுதி வேறொரு வாகனத்தில் மாட்டிக்கொண்டு வந்தாலும், தகட்டை மட்டும் பார்க்கிற வாசல் திறக்கும். இரண்டாவது படியை மூன்றாவதோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தடுக்கலாம்: பட்டியலில் இந்த நம்பர் மோட்டார் சைக்கிள், வந்து நிற்பது டிப்பர், அப்படியென்றால் மணி அடி.

தடியை இறக்குவதற்கு மட்டும் வீடியோவை நம்பக் கூடாது என்பது என் கட்டுப்பாடு. கீழே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க, வாசலுக்குக் குறுக்கே ஒளிக்கற்றை அடிக்கிற ஒரு சின்ன உணரி வேண்டும். இல்லாவிட்டால் வீதிக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள். மேலே இரும்பு வந்தால் அதில் மின்காந்த மாற்றம் தெரியும். சைக்கிளைச் சரியாக உணராது, ஆனால் இருட்டும் சிலந்தியும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

பயப்படுகிற ஆட்களுக்கும் இந்தப் படியில்தான் பதில் இருக்கிறது. “ஒரு லொறி, 0.91” என்ற கட்டத்தில் யாருடைய பெயரும் இல்லை. நம்பரும் நேரமும் சேர்ந்து ஒரு கோப்பில் ஏறும்போதுதான் அது ஓர் ஆளின் போக்குவரத்து ஆகிறது. யார் எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்பது அதில் கிடக்கும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னரே முதலாளியிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: அந்தக் கோப்பை யார் திறக்கலாம்? எத்தனை நாளில் அழியும்? பதிவுகளால் பட்ட அனுபவம் இந்த மண்ணில் குறைவில்லை. கேட்கிறவரைச் சந்தேகமாகப் பார்க்கத் தேவையில்லை.

மூளை எங்கே இருக்கிறது?

சுருக்கமாகச் சொன்னால் மூன்று இடம். கமராவுக்குள்ளேயே, அல்லது ஒஃபிசில் இருக்கிற பதிவுப் பெட்டியில், அல்லது இணையத்துக்கு அப்பால் யாருடையவோ கணினியில். செக்கனுக்கு 4 மெகாபிட் என்ற சாதாரண வீடியோ ஒருநாள் முழுக்க ஓடினால் 43 ஜீபிக்கு மேலே. போன் சிம் டேற்றாவில் அதை வெளியே அனுப்புவது கட்டுபடியாகாது. ஆகவே எங்கள் பக்கம் வாசலிலேயே கணக்குப் பார்த்து, “லொறி, இன்ன நம்பர், இன்ன நேரம்” என்ற ஒரு வரியை மட்டும் அனுப்புவது நல்லது. கரண்ட் நின்றால் யூபிஎஸ் தாங்கும்வரைதான் எல்லாம்.

ஒரு கிழமை, கொப்பியும் கமராவும்

காவலாளியை நிறுத்துகிற யோசனையை முதலாளி ஒரு கிழமை தள்ளிவைத்தார். நான்தான் கேட்டேன். அந்தக் கிழமை முழுக்க ஐயா வழக்கம்போலத் தன் சீ.ஆர். கொப்பியில் எழுதட்டும், கமராவும் தன் கணக்கை எழுதட்டும், பின்னேரம் இரண்டையும் ஒப்பிடுவோம் என்றேன். புதுக் கமரா பூட்டுகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். எந்தப் பிழை எங்கே வருகிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது, உங்கள் வாசல்தான் காட்டும்.

முதல் நாளே கொப்பியைவிடக் கமராவின் கணக்குக் கூட. தேடினால் உழவு மிசினையும் அதன் பெட்டியையும் இரண்டு வாகனமாக எண்ணியிருந்தது. கோட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஒன்றோடொன்று ஒட்டி வருகிற இரண்டு கட்டத்தை ஒன்றாக எண்ணும்படி மாற்றினேன். அடுத்த நாள் கொப்பியின் கணக்குக் கூட. லொறிக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்களை ஐயா கண்டிருந்தார், கமரா காணவில்லை. கொப்பியிலும் பிழை இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வந்த இரண்டு பட்டா வாகனங்கள் அதில் இல்லை, கமராவில் நேரத்தோடு இருந்தன. ஐயா அதைப் பார்த்துவிட்டு, “அது சரிதான், சோறு திண்டனான்” என்றார்.

ஐந்தாம் நாள் மழை. கமராவின் பட்டியலில் ஒரு வரி: நேரம் 4.52, வகை லொறி, நம்பிக்கை மதிப்பு 0.41, நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. படத்தைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பிய லான்ட்மாஸ்டர், தகடு இருந்த இடமே தெரியவில்லை. கொப்பியில் அதே நேரத்துக்கு நேரே ஐயாவின் சரிந்த எழுத்து: “லான்ட்மாஸ்டர். நம்பர் தெரியேல்லை. விசுவமடு ஆள், போன கிழமையும் வந்தவர். 14 மூடை.”